மைனஸ் எண்பது

உறைபெட்டியைத் திறந்தால் புகைபோல் இறங்கும் குளிர்
என் காலணி வரை வந்து கலையும்.
ஊமியோவில் நவம்பர். மணி மூன்று. வெளியே இருட்டிவிட்டது.
யோர்டானோஸ் நீட்டிய பட்டியலில் எண்கள் மட்டும்.
பெயர் இருக்கக் கூடாது என்பது விதி,
விதியை எழுதிய குழுவில் நானும் இருந்தேன்.

ஆனால் அந்தக் காலத்தில் சீட்டைக் கையால் எழுதினோம்.
ஏழின் இடுப்பில் குறுக்குக் கோடு போடுவேன் நான்.
அந்த ஏழும், அதன்மேல் ஒரு காப்பிக் கறையும்:
நாற்பதாவது வயதில் தூர்பியர்ன் சட்டைக் கையை மடித்து
"பார்த்துக் குத்து, சாயங்காலம் ஒரே வீட்டுக்குத்தான் போகவேண்டும்"
என்ற காலை.

அதே எண்ணில் மூன்று குழாய்கள்.
ஐம்பதில் வேறொருத்தி குத்தியிருக்கிறாள், எழுத்து சாய்வு.
அதற்குள் அவன் ஆற்றுக்கு அக்கரை போய்விட்டான்.
அறுபதை எந்திரம் அச்சடித்திருக்கிறது.

பனிக்கட்டிமேல் மெல்ல உருகுகிறது,
சிவப்பெல்லாம் பிரித்தெடுத்த பின் மிஞ்சிய வைக்கோல் நிறம்.
இதற்குள் மிதக்கிறது ஒரு புரதம்.
அதற்குத் தெரிந்த சொல் ஒன்றே: வளர்.
பதின்மூன்று வயதில் அவன் எலும்பிடம் சொன்னது,
கால்சட்டை கணுக்காலுக்கு மேல் ஏறிய ஒரே கோடையில்.
யாரையும் வாழ்த்தக்கூடிய சொல்தான்.
சுரப்பியின் மூலையில் வழிதவறிய ஓர் உயிரணுவிடமும்
அதே குரலில் அதையே சொல்லும்.
போதும் என்று சொல்ல வேறு யாராவது வரவேண்டும்.

வந்தும் இருக்கிறது ஒன்று.
தொடக்கத்தில் அடக்கி வைக்கும், எல்லை காக்கும்.
பிறகு ஒரு நாள்,
எந்த நாள் என்று எந்தக் குழாயிலும் எழுதியிருக்காது,
வேலியே பயிரை மேயத் தொடங்கும்.
இன்னொன்று இரத்த நாளங்களைக் கூப்பிட்டு
இந்தப் பக்கம் கிளை விடுங்கள் என்கிறது.
அவையும் விடுகின்றன.

ஐம்பதில் பி.எஸ்.ஏ. ஒன்று புள்ளி நான்கு,
எந்த மருத்துவரும் கைகுலுக்கி அனுப்பிவைக்கும் எண்.
அறுபதில் ஆறு புள்ளி இரண்டு.
திரையில் மற்றக் கோடுகள் அதற்கு முன்பே தலைதூக்கியிருந்தன,
அல்லது தலைதூக்கியதாக எனக்குத் தோன்றியது.

யாருடையது என்று சொல்லாமல் காட்டினேன்.
யோர்டானோஸ் கையுறையைக் கழற்றியபடி,
"ஒரு மனிதனின் கோடு ஒன்றும் சொல்லாது.
ஆயிரம் பேர் வேண்டும். அப்போதும் முணுமுணுக்கத்தான் செய்யும்."
சரிதான்.
ஆனால் ஆயிரம் பேரோடு நான் பதினோரு வருடம் வாழவில்லை.

மிச்சத் துளியை மூடிக் குளிருக்குள் திருப்பி வைத்தேன்.
பதிவேட்டில் எழுதினேன்: ஒருமுறை உருகியது.

கீழே பேருந்து நிறுத்தத்தில் அவன்.
கதிர்வீச்சு முடிந்து வருகிறானாம், பதினேழாவது தடவை.
"எலும்புக்கு இன்னும் போகவில்லை" என்றான்,
தபால் இன்னும் வரவில்லை என்பதுபோல.
பனி கொட்டுகிறது, மேலங்கியைத் திறந்துவிட்டிருக்கிறான்.
ஊசி ஆரம்பித்ததிலிருந்து உடம்பு திடீர் திடீரென்று கொதிக்கிறதாம்.
ஐம்பது வயதில் அம்மா பட்ட பாடு இப்போதுதான் புரிகிறதாம்.

"இன்னும் அந்தப் பெட்டிகளோடுதான் இருக்கிறாயா?"
"ஆமாம்."
"என் இரத்தம்கூட எங்கோ இருக்குமே.
வைத்திருக்கிறாயா, கொட்டிவிட்டாயா?"

எட்டாம் எண் பேருந்து விளக்கோடு திரும்பியது.
வைத்திருக்கிறேன் என்றேன்.
மைனஸ் எண்பதில்.

"அந்தக் குளிர் போதுமா?"
சிரித்துக்கொண்டே படியேறினான்,
மேலங்கியை இன்னும் மூடாமல்.